கல்லூரிக் கூடைப்பந்து: நல்ல தடுப்பாட்டத்தை எதை வைத்து அளப்பது?

#1 நெல்லைக்குமார்

சண்டை போடத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன், மறைக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் "தடுப்பாட்டம் என்றால் பயிற்சியாளர் டோனி பென்னட்டின் விர்ஜினியா பல்கலைக்கழக அணிதான்" என்று ஆரம்பித்துவிடுகிறார். 2017-18 பருவத்தில் எதிரணிகளுக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 54 புள்ளிகளையே விட்டுக்கொடுத்தார்களாம். நாட்டிலேயே அதுதான் குறைவாம்.

சரி, அதே அணி 2018 மார்ச் 16 அன்று என்ன செய்தது? யூஎம்பிசி என்ற, பாதிப் பேர் கேள்விகூடப்பட்டிராத அணியிடம் 74-54 என்று தோற்றது. ஆடவர் தேசியத் தொடரில் முதல் தரநிலை அணி ஒன்று 16ஆம் தரநிலை அணியிடம் (1 என்றால் வலுவானது, 16 என்றால் கடைசி) விழுந்தது அதுவே முதல் முறை. இடைவேளையில் 21-21. அடுத்த 20 நிமிடங்களில் 53 புள்ளிகளை வாரி வழங்கினார்கள்.

என் கட்சி இதுதான்: விர்ஜினியா நன்றாகத் தடுக்கவில்லை, மெதுவாக ஆடியது. ஷாட் கிளாக் (எறிவதற்கான நேர வரம்பு) தீரும்வரை பந்தைக் கையிலேயே வைத்திருந்தால் எதிரணிக்குப் புள்ளி எங்கிருந்து வரும்? தடுப்பாட்டம் என்றால் 1994இல் பட்டம் வென்ற நோலன் ரிச்சர்ட்சனின் ஆர்கன்சா, 2011இல் அரையிறுதிவரை போன விசியூ. மைதானம் முழுவதும் துரத்தி, மூச்சு வாங்க வைத்து, பந்தைப் பறிப்பது. மறுப்பவர்கள் வரலாம்.

#2 கணக்குப்பிள்ளை

பாதி சரி, குமார். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்றுதான் பார்க்க வேண்டும். வாய்ப்பு என்பது பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து மறு அணிக்குப் போகும்வரை. அதை எண்ண ஓர் எளிய வழி: எறிதல்களைக் கூட்டி, தாக்கும் அணி மீட்டெடுத்த ரீபவுண்டுகளைக் (தவறிய எறிதலில் திரும்பி வரும் பந்துகளை) கழித்து, பறிகொடுத்த பந்துகளைச் சேர்த்து, ஃப்ரீ த்ரோக்களில் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்களில்) ஏறத்தாழப் பாதியையும் சேர்த்தால் விடை வரும். கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளிவிவரக்காரர் கென் பொமராய் இந்தப் பாதியை 0.475 என்று வைக்கிறார்.

ஓர் அணி 60 வாய்ப்புகளில் 54 புள்ளி கொடுக்கிறது, இன்னொன்று 75 வாய்ப்புகளில் 66 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது வாய்ப்புக்கு 0.90, இரண்டாவது 0.88. அதாவது 66 கொடுத்த அணிதான் நன்றாகத் தடுத்தது. பலகையில் தெரியும் எண் நம்மை ஏமாற்றும் என்பதில் நீங்கள் சொல்வது முழுச் சரி.

ஆனால் அங்கிருந்து நீங்கள் தாவும் இடம் தவறு. வேகத்தைக் கழித்துவிட்டு, எதிரணிகளின் தரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த விர்ஜினியா நாட்டின் முன்வரிசைத் தடுப்பு அணிகளில் ஒன்றாகவே இருந்தது. மெதுவாக ஆடினார்கள், தடுக்கவும் செய்தார்கள்.

#3 மெட்ராஸ்வாசி

விர்ஜினியா ஆட்டத்தைப் பார்ப்பதைவிட அதைப் பற்றிய கணக்கைப் படிப்பது விறுவிறுப்பாக இருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

#4 வட்டத்தடி

பயிற்சியாளன் என்ற முறையில் எண்களை விட்டுவிட்டுத் தரையில் நடப்பதைச் சொல்கிறேன். பென்னட் ஆடியது 'பேக் லைன்' முறை. அதை உருவாக்கியவர் அவருடைய தந்தை டிக் பென்னட். 2000இல் விஸ்கான்சினை அரையிறுதிவரை கொண்டுபோனவர் அவர்.

கூடையிலிருந்து சுமார் 16 அடி தூரத்தில் கற்பனையாக ஒரு வளைகோடு போட்டுக்கொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார். மற்ற நான்கு பேரும் கோட்டுக்கு உள்ளேயே நிற்பார்கள். பாஸை இடையில் புகுந்து தடுக்கும் வேலையே கிடையாது. எதிரணி பந்தை வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றவிட்டுக்கொள்ளட்டும், உள்ளே டிரிபிள் செய்து வந்தால் மட்டும் இரண்டு தோள்கள் வழிமறிக்கும். பந்து பாஸ் ஆனவுடன் அதை வாங்கியவரை நோக்கி அவருக்குரியவர் பாய்ந்து போவார், விட்டு வந்தவர் உள்ளே குதித்துவிடுவார். பந்து காற்றில் இருக்கும்போதே ஐந்து பேரும் நகர்ந்திருக்க வேண்டும். பந்து கைக்கு வந்தபிறகு நகர்ந்தால் தாமதம்.

சொல்ல எளிது. ஓடிப்போகும் அந்தக் க்ளோஸ்அவுட் இருக்கிறதே, அதைக் கற்றுக்கொடுப்பதற்குள் பயிற்சியாளனின் தொண்டை போய்விடும். முழு வேகத்தில் போய், கடைசி இரண்டடியில் சிறு எட்டுகளாக மாற்றி, கையை உயர்த்தி, கால் தரையிலேயே இருக்க நிற்க வேண்டும். குதித்தால் அவன் உங்களைத் தாண்டிப் போய்விடுவான். தயங்கினால் எறிந்துவிடுவான். புதிதாகக் கல்லூரிக்கு வரும் பையன் உயர்நிலைப் பள்ளியில் இதையெல்லாம் செய்தே இருக்க மாட்டான். 2019 இறுதி ஆட்டத்தில் 27 புள்ளி அடித்த டிஆண்ட்ரே ஹண்டர் முதல் ஆண்டு முழுதும் களமிறக்கப்படாமல் உட்கார்த்தி வைக்கப்பட்டவர்தான்.

இன்னொன்று. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏவில் தடுப்பவர் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. கல்லூரி ஆட்டத்தில் அந்த விதி இல்லை. கோட்டுக்குள் அடைந்து நிற்கும் முறைகள் அங்கே செழிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

#5 நெல்லைக்குமார்

வட்டத்தடி சார், விளக்கத்துக்கு நன்றி, ஆனால் நீங்கள் என் வாதத்துக்கே விறகு போடுகிறீர்கள். நான்கு பேரும் உள்ளே அடைந்து நின்றால் வெளியே மூன்று புள்ளிக் கோடு காலியாகத்தானே கிடக்கும்? யூஎம்பிசி 24 எறிந்து 12 போட்டது. அது விபத்தல்ல, அந்த முறையின் ஓட்டை.

#6 கணக்குப்பிள்ளை

அதே ஆட்டத்தில் விர்ஜினியா 22 எறிந்து 4 போட்டது. யூஎம்பிசியின் தடுப்பாட்டம் அவ்வளவு உயர்ந்ததா? நீங்களே சொல்ல மாட்டீர்கள். ஹண்டர் மணிக்கட்டு முறிந்து அன்று ஆடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ரசிகர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். எதிரணி எத்தனை மூன்று புள்ளி எறிதல் எறிகிறது என்பதைத் தடுப்பு அணி ஓரளவு கட்டுப்படுத்த முடியும். எறிந்ததில் எத்தனை விழுகிறது என்பதில் அதன் கை மிகக் குறைவு. பொமராய் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். நீங்கள் புகழும் விசியூவையே எடுங்களேன். 2011இல் கன்சாஸை 71-61 என்று வீழ்த்திய ஆட்டத்தில் கன்சாஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 21 எறிந்து 2 மட்டுமே போட்டது. விசியூ 12 போட்டது. அதில் எவ்வளவு துரத்தல், எவ்வளவு அதிர்ஷ்டம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

எறிதலே வராமல் செய்வதற்கு நான் காட்டும் பாடம் 2024 இறுதி ஆட்டம். பர்டியூ அணி பருவம் முழுதும் மூன்று புள்ளி எறிதல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு போட்ட அணி. நடுவில் 7 அடி 4 அங்குல சாக் ஈடி. அவரை இரண்டு பேர் சூழ்ந்தால் வெளியே நிற்பவர் காலி, அவர் எறிவார், விழும். டான் ஹர்லியின் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) என்ன செய்தது? ஈடியைப் பெரும்பாலும் ஒற்றை ஆளிடம், 7 அடி 2 அங்குல டோனவன் கிளிங்கனிடம், விட்டுவிட்டு மற்ற நால்வரும் தங்கள் ஆட்களை விட்டு நகரவே இல்லை. ஈடி 37 புள்ளி அடித்தார். பர்டியூ மொத்த ஆட்டத்திலும் எறிந்த மூன்று புள்ளி எறிதல்கள் 7, விழுந்தது 1. யூகான் 75-60 என்று வென்றது.

37 புள்ளி அடித்தவரைப் பார்த்து "தடுக்கத் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? எதை விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, ஒருவர் 20 அடித்தாலும் 30 அடித்தாலும் பதறாமல் அந்த முடிவிலேயே நின்றார்கள். என் கணக்கில் நல்ல தடுப்பாட்டம் இதுதான்.

#7 ஆரஞ்சு ரசிகன்

இத்தனை நேரமாகச் சிரக்யூஸ் பெயர் வரவில்லை. அவமானம்.

ஜிம் பேஹைம் 1976 முதல் 2023 வரை அங்கே பயிற்சியாளர். பிற்காலத்தில் அவர் அணி ஏறக்குறைய எல்லா நேரமும் 2-3 ஜோன்தான் ஆடியது, அதாவது ஆளுக்கு ஆள் காக்காமல், முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் நின்று இடத்தைக் காப்பது. மற்றவர்கள் ஜோனை ஓய்வெடுக்கவும் ஃபவுல் தவிர்க்கவும் வைத்திருந்தபோது, அவர் அதையே தொழிலாக வைத்திருந்தார். முன்னால் நிற்கும் இரண்டு பேரும் உயரமாக, நீண்ட கைகளோடு இருக்க வேண்டும். 2013இல் முன்வரிசையில் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ், 6 அடி 6 அங்குலம். அந்த ஆண்டு முதல் தரநிலையில் இருந்த இண்டியானாவை 61-50, அடுத்து மார்க்கெட் (Marquette) அணியை 55-39 என்று முடக்கினார்கள். ஒரு முழு ஆட்டத்தில் 39 புள்ளி! பயிற்சியில் யாரும் இப்படி ஒரு ஜோனை எதிர்கொண்டிருக்க மாட்டார்கள், இரண்டு நாளில் தயாராகவும் முடியாது. தேசியத் தொடரில் அதுதான் பெரிய பலம்.

2003 இறுதியில் ஹக்கீம் வாரிக் மூலைக்குப் பறந்துபோய்க் கன்சாஸின் கடைசி நேர எறிதலைத் தட்டியதை நான் விவரிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் விவரிக்க ஆசை.

#8 பூங்குழலி

விவரிக்க வேண்டாம் தம்பி, முந்தைய இழையிலேயே விவரித்துவிட்டீர்கள்.

ஜோனுக்கு ஒரு சாபம் உண்டு. எறிதல் எழும்போது யார் யாரை மறிப்பது என்று தெளிவாக இருக்காது. இடத்தைத்தான் காக்கிறோம், ஆளை அல்ல. அந்தப் பந்து மீண்டும் எதிரணி கைக்குப் போனால் அதுவரை ஆடிய 25 விநாடித் தடுப்பும் தண்டம். இந்த இழையில் இதுவரை ஒருவர்கூட ரீபவுண்டைத் தடுப்பாட்டத்தின் பகுதியாகப் பேசவில்லை. கணக்குப்பிள்ளை மட்டும் அதைக் 'கழித்து' வைத்திருக்கிறார்.

மகளிர் ஆட்டம் எதுவும் பார்ப்பதில்லையா நீங்கள்? 2024 இறுதியில் ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் கால்பகுதியில் மட்டும் 18 புள்ளி அடித்தார். அரங்கமே அவர் கையில் இருந்தது. டான் ஸ்டேலியின் சவுத் கரோலினா கலங்கவில்லை. ரேவன் ஜான்சன் அவரை ஒட்டிக்கொண்டே நின்றார், மற்றவர்கள் மாறி மாறி உடலை வைத்தார்கள். மீதி மூன்று கால்பகுதிகளில் கிளார்க்குக்குக் கிடைத்தது 12. ரீபவுண்டுக் கணக்கு 51-29. ஆட்டம் 87-75, பருவம் 38-0. கிளார்க்கை 'நிறுத்திவிட்டார்கள்' என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். 30 புள்ளி அடித்தவரை நிறுத்தியதாகச் சொல்ல மாட்டேன். அவரைக் களைக்க வைத்தார்கள், அவர் தவறவிட்ட பந்தை அவருடைய அணி திரும்பத் தொட முடியாமல் செய்தார்கள். எனக்கு அது போதும்.

ஹூஸ்டனில் கெல்வின் சாம்சனின் ரீபவுண்டுப் பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வளையத்தின் மேல் மூடி போட்டுவிடுவார்கள், எறிந்த பந்து எதுவும் உள்ளே போகாது. ஒவ்வொரு பந்துக்கும் மோதல்தான். தடுப்பாட்டத்தில் பெயரெடுத்த பயிற்சியாளர் நேரத்தை எங்கே செலவிடுகிறார் என்று பாருங்கள்.

#9 நெல்லைக்குமார்

எல்லாரும் பேசுகிறீர்கள், பந்தைப் பறிப்பதை மட்டும் யாரும் தொடவில்லை. எறிதலே எழாவிட்டால் ரீபவுண்டு எதற்கு அக்கா? பறிகொடுத்த வாய்ப்பில் எதிரணிக்குக் கிடைப்பது சுழியம். அதைவிடச் சிறந்த தடுப்பு உண்டா?

#10 வட்டத்தடி

அந்த வாய்ப்பில் சுழியம்தான் குமார். பறிக்கப் போய்ப் பிடிபடாத வாய்ப்பில் என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி. இரண்டு பேர் பந்தைச் சூழ்ந்துவிட்டால் மூன்று பேர் நான்கு பேரைக் காக்க வேண்டும். பந்து வெளியே வந்துவிட்டால் கூடைக்கு நேராக ஓட்டம்.

துரத்தலை நான் இழிவாகச் சொல்லவில்லை. 1964இல் ஜான் வுடனின் யூசிஎல்ஏ 30-0 என்று முதல் பட்டத்தை வென்றபோது தொடக்க ஐவரில் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் யாரும் இல்லை. 2-2-1 துரத்தலை (முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர்) வைத்துக்கொண்டு உயரமான அணிகளை அவசரப்படுத்தினார்கள். பந்தைப் பறிப்பது அதில் ஒரு பங்குதான், எதிரணியை அதற்குப் பழகாத வேகத்தில் ஆட வைப்பது பெரிய பங்கு. பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கும் ஆள்பலம் இருந்தால், எதிரணியின் பந்து கடத்துபவர் பலவீனமானவராக இருந்தால், இது கொன்றுவிடும். அவர் நல்லவராக இருந்தால்? 2013இல் விசியூ தன் புகழின் உச்சத்தில் இருந்தபோது ட்ரே பர்க்கின் மிச்சிகனிடம் 78-53 என்று போனது. (ஆரஞ்சு ரசிகன் கவனத்துக்கு: இரண்டு வாரம் கழித்து அதே மிச்சிகன்தான் உங்கள் ஜோனையும் 61-56 என்று திறந்தது. நடுவில் மிட்ச் மெக்கரியை நிறுத்தி, அவர் வழியாகப் பந்தைப் பிரித்து அனுப்பினார்கள்.)

நான் எந்த முறைக்கும் வக்கீல் அல்ல. 2019 இறுதியில் இரண்டு எதிரெதிர் முறைகள் மோதின. விர்ஜினியா பந்தை உதவி இருக்கும் நடுப்பக்கம் வரவிடும் அணி. டெக்சாஸ் டெக், மார்க் ஆடம்ஸ் உருவாக்கிய முறைப்படி, நடுவை அடியோடு மூடிவிட்டு எல்லாவற்றையும் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கம் தள்ளும் அணி. ஒன்றுக்கொன்று நேர் எதிர், இரண்டுமே உச்சத்தில் வேலை செய்தன. கூடுதல் நேரத்தில் 85-77 என்று விர்ஜினியா வென்றது. எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்பது பெரிதல்ல. ஐந்து பேருக்கும் அது முன்பே தெரிந்திருப்பதுதான் பெரிது. கபடியில் ரெய்டரை மூலையில் நிற்பவர் காலைப் பிடித்த அந்தக் கணத்திலேயே மற்றவர்கள் வந்து விழ வேண்டும் அல்லவா? யோசித்துவிட்டு வந்தால் ரெய்டர் கோட்டைத் தொட்டிருப்பார். அந்த அளவுக்குப் பழக்கம் வேண்டும்.

அதனால்தான் வீரர்கள் ஆண்டுதோறும் கல்லூரி மாறும் இன்றைய நிலை தடுப்பாட்டத்துக்குக் கெடுதல் என்பேன். எறியத் தெரிந்தவனை விலைக்கு வாங்கி அடுத்த மாதமே எறிய வைக்கலாம். சேர்ந்து நகரத் தெரிந்த ஐந்து பேரை அப்படி வாங்க முடியாது. பென்னட் 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், விலகினார். மாறிவிட்ட சூழலுக்குத் தான் பொருந்தவில்லை என்றுதான் சொன்னார்.

#11 கோவைக்கிளி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உயரமான பிள்ளைகள் இல்லை. பேக் லைன் நமக்குச் சரிப்படுமா, வட்டத்தடி சார்?

#12 வட்டத்தடி

சரிப்படும் அம்மா. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியிலும் அந்த மூன்று விநாடித் தடுப்புக் கட்டுப்பாடு கிடையாது. ஷாட் கிளாக் 24 விநாடிதான் என்பதால் அமெரிக்கக் கல்லூரியின் 30 விநாடியைவிட உங்களுக்குச் சுமையும் குறைவு. முதலில் இரண்டு விஷயம் போதும். எறிந்தவுடன் மூன்று பேர் உடனே திரும்பி ஓட வேண்டும், ஏனென்றால் எளிதான புள்ளிகள் எதிர்வேகத்தில்தான் போகின்றன. அடுத்தது வாய். பந்து யாரிடம், ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை எதிரணி வீரர் மறித்து நிற்பது) எந்தப் பக்கம் என்று பின்னால் நிற்கும் பிள்ளை கத்திச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அமைதியான அணி தடுக்காது. மைதானத்தில் கத்தக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவதுதான் கடினம், பொறுமை வேண்டும்.

#13 கணக்குப்பிள்ளை

எல்லாக் கணக்கையும் தோற்கடிக்கும் ஆட்டங்களும் உண்டு என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். 1985 இறுதியில் பேட்ரிக் யூயிங் நடுவில் நிற்க, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக வில்லனோவா 28 எறிந்து 22 போட்டது. 66-64. அப்போது ஷாட் கிளாக் கிடையாது, வேண்டிய எறிதல் கிடைக்கும்வரை காத்திருக்க முடிந்தது. அதற்காக ஜார்ஜ்டவுனுக்குத் தடுக்கத் தெரியாது என்று எவரும் எழுதவில்லை. யூஎம்பிசி ஆட்டத்தை மட்டும் ஏன் வேறு தராசில் வைக்க வேண்டும்?

#14 நெல்லைக்குமார்

தராசு ஒன்றுதான், விர்ஜினியா மீது எனக்குக் கோபம் அதிகம், அவ்வளவே. சரி, கடைசியாக ஒன்று. வட்டத்தடி சார் "க்ளோஸ்அவுட்டில் குதிக்கக்கூடாது" என்று அழுத்திச் சொன்னார். 2025 இறுதியில் என்ன நடந்தது? ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63, கடைசி விநாடிகள். ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளி எறிய எழும்புகிறார். வால்டர் கிளேட்டன் அவரை நோக்கிப் பறக்கிறார், பறக்கிறார் என்றுதான் சொல்கிறேன், கால் தரையில் இல்லை. ஷார்ப் எறிய முடியாமல் பந்தைக் கீழே விடுகிறார். மீண்டும் தொட்டால் டிராவலிங் என்ற விதிமீறல் ஆகும் என்பதால் தானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃப்ளோரிடா வீரர் மேலே விழுந்து அமுக்க, ஆட்டம் முடிகிறது. முதல் பாதியில் ஒரு புள்ளியும் அடிக்காத கிளேட்டன், குதித்ததால் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

#15 வட்டத்தடி

கடிகாரத்தைப் பாருங்கள் குமார். பத்து விநாடி மீதி இருந்திருந்தால் ஷார்ப் எறிவதுபோல் பாவனை காட்டி, கிளேட்டனைக் கடந்து போகவிட்டு, ஓர் அடி நகர்ந்து நிதானமாக எறிந்திருப்பார். அன்று அதற்கு நேரம் இல்லை, இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள், மூன்று விழுந்தால் பட்டமே போய்விடும். அந்த இடத்தில் என் பிள்ளைகளையும் பறக்கத்தான் சொல்வேன். உடலில் மட்டும் மோதிவிடக்கூடாது. இரண்டாவது நிமிடத்தில் அதே வேலையைச் செய்தால் பெஞ்சில் உட்கார வைப்பேன்.

#16 மெட்ராஸ்வாசி

கிளேட்டன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஹூஸ்டன் வென்றிருக்கும் என்று குமார் அடுத்த இழையைத் தொடங்குவதற்குள் யாராவது இதைப் பூட்டிவிடுங்கள்.